யார் வீட்டுப் பிள்ளை? – வாசகர் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் தெருவில் புதுமுகம் தென்பட்டால் முதலில் வரும் கேள்வி, “யாரு வீட்டுப் பிள்ளை?” சட்டென்று பதில் சொல்ல முடிந்தவர்கள், சொல்லத் தயங்குபவர்கள், இரண்டு மூன்று பதில் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இந்த மாதம் எழுதியிருக்கிறார்கள். நிறம், இனம், மொழி, பூர்வீகம் பற்றி ஒருவருக்குள் வளரும் அடையாள உணர்வு அவர் மனநலத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் உள்ள விஷயம். பெயர்களை எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம். பதில்கள் எங்கள் மனநல ஆலோசகர் குழுவினுடையவை.

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஆறு வயதுப் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். குளிக்கும்போது கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டு, “இந்தக் கலர் போகவே மாட்டேங்குது ஆயா” என்கிறாள். மஞ்சள் முடி வேண்டுமாம். “நீ வெள்ளைதான் கண்ணு” என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: அந்தச் சமாதானம் வேண்டாம் ஆச்சி. அது உண்மையில்லை என்று கண்ணாடியே அவளிடம் சொல்லிவிடும். அதோடு, வெள்ளையாக இருப்பதுதான் நல்லது என்று நீங்களும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே குழந்தைகள் நிறத்தைக் கவனிக்கிறார்கள். மூன்று மாதக் குழந்தையே தன் வீட்டார் சாயலில் உள்ள முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கும். மூன்று நான்கு வயதில் ஆட்களை நிறம் வைத்துப் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிடும். ஐந்து ஆறு வயதில், ஊரில் எந்த நிறத்துக்கு மதிப்பு என்பதும் பிடிபட்டுவிடும். ஆனால் குளித்தாலும் உடை மாற்றினாலும் நிறமும் பூர்வீகமும் மாறாது என்ற தெளிவு பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் உறுதிப்படுகிறது. உங்கள் பேத்திக்கு மதிப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, மாற்ற முடியாது என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் சோப்பைத் தேடுகிறாள்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். ஆய்வு 1947-ல் அச்சில் வந்தது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைத்தான் கேட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் இடம்பெற்றது. பின்னால் வந்தவர்கள் இதற்கு ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்கள். வெள்ளைப் பொம்மையைக் கேட்ட குழந்தை தன்னையே வெறுக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊர் மதிப்பைச் சொல்வது வேறு, தன்னைப் பற்றிய மதிப்பு வேறு. ஆகவே பதறாதீர்கள், அதற்காகச் சிரித்து மழுப்பவும் செய்யாதீர்கள்.

முதலில் கேளுங்கள்: “யாரும் ஏதாவது சொன்னாங்களா? எப்ப? நீ என்ன சொன்னே?” கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்த வயதில் பதில் அன்று ராத்திரியோ மறுநாளோ வேறு பேச்சுக்கு நடுவில்தான் வரும். அடுத்து உண்மையைச் சொல்லுங்கள். தோலுக்குள் மெலனின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது ஆயாவிடமிருந்தும் ஐயாவிடமிருந்தும் வந்தது, வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றுகிறது, தேய்த்தால் போகாது. இவ்வளவு போதும். மதியம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயில் விழும் இடத்தில் வீட்டிலுள்ள எல்லோரையும் கையை வரிசையாக நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கையின் நிறத்துக்கும் கிரேயான் தேடச் சொல்லுங்கள். பழுப்பில் பல சாயல் உள்ள பெட்டியாக வாங்குங்கள். ஒரே ஒரு ‘தோல் நிற’க் குச்சி உள்ள பெட்டி காரியத்தைக் கெடுத்துவிடும்.

கடினமான வேலை பெரியவர்களுக்குத்தான். “வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிட்டாளே”, “மூத்தவ நல்ல நிறம், இவதான் அப்பனைக் கொண்டிருக்கா” என்பது போன்ற பேச்சும், வெளுக்கட்டும் என்று பாலாடையும் கடலைமாவும் பூசுவதும் அவள் காதிலும் கண்ணிலும் படாமல் நிற்க வேண்டும். நியூ ஜெர்சிப் பள்ளியில் கேட்டதைவிட இங்கே பந்தியில் கேட்பது ஆழமாகப் பதியும், சொல்வது சொந்தக்காரர்கள் என்பதால். தோல் புண்ணாகும் வரை தேய்ப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கம் கெடுவது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவது, இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளி ஆலோசகரைப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். ஓட்டலில் வேலை பார்க்கும் ஒடியா தம்பதியின் மகன் ஜூனில் சேர்ந்தான். கணக்கில் கெட்டி, ஆனால் வாயே திறப்பதில்லை. பையன்கள் “இந்திக்காரன்” என்கிறார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஒட்டிக்கொள்வான் என்று நினைக்கிறேன். செய்யலாமா?
– ஆசிரியை, காரைக்குடி

பதில்: செய்யாதீர்கள் டீச்சர். அவன் வீட்டில் கொடுத்த பெயர் இங்கே செல்லாது என்று வகுப்பு முழுவதற்கும் அறிவிப்பதுபோல் ஆகிவிடும். அவன் அம்மாவையோ அப்பாவையோ பள்ளிக்கு வரச்சொல்லி, அந்தப் பெயரை மெதுவாக மூன்று முறை சொல்லக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வருகைப் பதிவின்போது நீங்கள் சரியாகச் சொன்னால் ஒரு வாரத்தில் பையன்களும் சொல்வார்கள். அவன் பேசுவது ஒடியா, இந்தி வேறு மொழி என்பதையும் அப்போதே, பாடம்போல் நீட்டாமல், ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வாய் திறக்காததை இப்போதைக்கு நோயாக எடுக்க வேண்டாம். புது மொழிக்குள் விழுந்த குழந்தைகள் சில வாரம் முதல் சில மாதம் வரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். வீட்டில் தன் மொழியில் தாராளமாகப் பேசுகிறானா என்று மட்டும் விசாரியுங்கள். அங்கேயும் பேசவில்லை என்றால், முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். இடைவேளையில் வேறொரு ஒடியாப் பையனோடு அவன் மொழியில் பேசினால் தடுக்காதீர்கள். ஒரு மொழியைப் பிடுங்கினால் இன்னொரு மொழி வேகமாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் நடப்பது வேறு, குழந்தைக்கு இரண்டு மொழியிலும் கூச்சம் வந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஆராய்ந்த ஜான் பெர்ரி, புது இடத்தில் ஒருவர் போகக்கூடிய வழிகள் நான்கு என்றார். பழையதை வைத்துக்கொண்டே புதியதிலும் கலப்பது, பழையதை விட்டுவிட்டுப் புதியதில் கரைவது, புதியதை ஒதுக்கிப் பழையதோடு நிற்பது, இரண்டும் இல்லாமல் போவது. பொதுவாக முதல் வழியில் போகிறவர்கள் மனநிலை சீராகவும், கடைசி வழியில் சிக்கியவர்கள் நிலை மோசமாகவும் இருப்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் யோசித்த பெயர் மாற்றம் இரண்டாம் வழிக்குத் தள்ளுகிறது. பையன்களின் கிண்டல் நான்காம் வழிக்குத் தள்ளுகிறது.

வகுப்பில் செய்ய ஒன்று சொல்கிறோம், இதற்குச் செட்டிநாட்டைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் நான்கு கேள்வி கேட்டு வரட்டும்: நம் வீட்டில் வெளியூருக்குப் பிழைக்கப் போன முதல் ஆள் யார், எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, அங்கே அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று வரும். வட்டிக்கடை வைத்தவர் மட்டும் இல்லை, கிட்டங்கியில் (செட்டியார்களின் வெளியூர்க் கடை விடுதியில்) சமைத்தவர், கணக்கு எழுதியவர், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், இப்போது துபாயில் டிரைவராக இருப்பவர் எல்லோரும் வருவார்கள். உலகப் படத்தில் குண்டூசி குத்துங்கள். புவனேஸ்வரப் பக்கத்திலிருந்து காரைக்குடிக்கு வந்தவனின் குண்டூசியும் அதே படத்தில் நிற்கும். நான்காவது கேள்விதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். தன் பாட்டனாரையும் எவனோ ஒருவன் ஏதோ பேர் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறான் என்று தெரிந்த பையன், “இந்திக்காரன்” என்பதைச் சற்று யோசித்துத்தான் சொல்வான்.

தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. அவனைத் தனியாக மேடையேற்றி “உங்க ஊர் டான்ஸ் ஆடு” என்பது. பன்னிரண்டு வயதில் கூட்டத்தில் கலந்து நிற்பதுதான் பாதுகாப்பு. ஒரு மாநிலத்துக்கே பிரதிநிதியாக நிறுத்தினால் அவன் இன்னும் சுருங்கிப்போவான்.

இந்த மாதிரித் தேடலை வகுப்பறையில் முறையாகச் செய்யலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அட்ரியானா உமானியா-டெய்லர் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு எட்டு வாரப் பாடம் ஒன்றை நடத்தி, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாடம் படித்தவர்களிடம் தன் பின்னணி பற்றிய தேடலும் தெளிவும் கூடின. தொடர்ந்து பார்த்தபோது தன்மதிப்பு உயர்ந்து, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. எல்லா இனப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் என்பது அதில் கவனிக்க வேண்டிய அம்சம். ஒதுக்கப்பட்டவனுக்கு மட்டும் வைத்தால் அது தண்டனைபோல் ஆகிவிடும்.

கேள்வி: சொந்த ஊர் பள்ளத்தூர், ஒஹையோவில் முதுநிலை படிக்கிறேன். இனக்குழு அடையாளம் பற்றி வகுப்பில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ‘தேடல்’ 2.33, ‘பற்று’ 4.67 என்று வந்தது. உடன் படிப்பவர், “நீ யாருன்னு நீ யோசிச்சதே இல்லைன்னு அர்த்தம்” என்கிறார். எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் ஒன்பது கோயிலும் எங்கள் பங்காளிகள் வரிசையும் எனக்கு மனப்பாடம். என்ன குறை? இங்கே படிவங்களில் இனம் கேட்கும் கட்டங்களையும் எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகர், ஒஹையோ

பதில்: குறை என்று எதுவும் இல்லை. நண்பர் சொன்னதிலும் பாதிதான் சரி.

நீங்கள் எழுதியது ஜீன் ஃபின்னி உருவாக்கிய அளவுகோலாக இருக்க வேண்டும். 1992-ல் அதில் 14 வாக்கியங்கள் இருந்தன. 2007-ல் அவரும் ஆந்தனி ஆங்கும் அதை ஆறாகக் குறைத்தார்கள். மூன்று வாக்கியம் தேடலுக்கு, மூன்று பற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், பிறகு சராசரி. உங்கள் 2.33 என்றால் மூன்றுக்கும் சேர்த்து 7, 4.67 என்றால் 14. ஒரே ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண் மாற்றிப் போட்டிருந்தால் 2.33 என்பது 2.67 ஆகியிருக்கும், அவ்வளவுதான். கூட்டங்களை ஒப்பிடுவதற்காகச் செய்த அளவுகோல் இது. இத்தனைக்குக் கீழே போனால் கோளாறு என்று எல்லை எதுவும் கிடையாது.

தேடல் குறைவு, பற்று அதிகம் என்ற சேர்க்கைக்குப் பொருள் உண்டு. 1966-ல் ஜேம்ஸ் மார்சியா, இளைஞர்களின் அடையாள நிலைகளை நான்காகப் பிரித்தார்: தேடலும் இல்லை பிடிப்பும் இல்லை, தேடாமலே பிடித்துக்கொண்டது, தேடிக்கொண்டே இருப்பது, தேடிய பின் பிடித்தது. நீங்கள் இருப்பது இரண்டாம் நிலைக்கு அருகில். வீடும் ஊரும் கோயிலும் எல்லாவற்றையும் தயாராகக் கையில் கொடுத்துவிடும் இடங்களில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பு. நெருக்கடி இல்லாதவரை நிம்மதியாகவே இருக்கும். தடுமாற்றம் வருவது, அந்தப் பிடிப்பை வெளியாள் ஒருவர் கேள்வி கேட்கும்போது. பதில் கைவசம் இல்லாததால் கோபம் வரும், அல்லது ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறத் தோன்றும். இரண்டையும் அயல்நாட்டு மாணவர்களிடம் பார்க்கலாம்.

மனப்பாடம் தேடலாகாது. ஒன்பது கோயில் பெயரைச் சொல்வது தெரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. தேடல் என்றால், விடை பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்தும் கேட்பது. ஓர் எடுத்துக்காட்டு. பர்மாவுக்குக் கொண்டுவிற்க (வணிகம் செய்ய) போன முன்னோர், அங்கிருந்து வந்த தேக்கு, 1942-ல் எல்லாம் போட்டது போட்டபடி ஊர் திரும்பிய துயரம் ஆகியவை நம் வீடுகளில் சொல்லப்படுகின்றன. 1930-ல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-க்குள் அது ஏறக்குறைய 25 சதவீதம் ஆனது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் அடமான நிலங்கள் வந்து சேர்ந்தன. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக வந்து முடங்கியதில் கடன் கொடுத்தவர்களுக்கும் மகிழ்ச்சி இல்லை. நிலத்தை இழந்த பர்மியக் குடும்பம் அந்தக் கதையை வேறு மாதிரிதான் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் “இது என் வரலாறு” என்று சொல்ல முடிந்தால், அந்தப் பிடிப்பு கேள்விக்கு அசையாது.

லீவுக்கு வரும்போது செய்யலாம். வீட்டில் பழைய இசைகுடிமானமோ (திருமண ஒப்பந்த ஏடு) ரங்கூன் கடிதமோ கணக்கு ஏடோ இருந்தால், ஒரு பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். ஒரே சம்பவத்தை ஒத்துப்போகாத இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் தலைமுறையாக வேலை பார்த்த குடும்பம் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், அந்த வளவு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி: வைத்துக்கொள்வது, விட்டுவிடுவது, இன்னும் தெரியாதது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் சரியாகத் தேடவில்லை. பெரும்பாலோர் கவுனி அரிசியோடும் கண்டாங்கிச் சேலையோடும் நின்றுவிடுகிறார்கள். நல்ல விஷயங்கள்தான், ஆனால் யாருக்கும் அதில் தூக்கம் கெடாது. தேடும் காலத்தில் சற்றுக் கலக்கம் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. இரண்டு செமஸ்டருக்கு மேல் படிப்பையே பாதித்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள்.

பற்றுக்கு எவ்வளவு பலம் என்பதையும் மிகைப்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் சிறுபான்மை இனத்தவரைப் பற்றிய 184 ஆய்வுகளை 2011-ல் திமதி ஸ்மித், லின் சில்வா இருவரும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன அடையாள உணர்வுக்கும் மனநலத்துக்கும் இடையே கிடைத்த தொடர்பு எண் 0.17. ஆட்களுக்கு ஆள் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு மூன்று பங்கை அது விளக்கும். தன்மதிப்பு போன்ற நல்ல பக்கத்தோடு தொடர்பு சற்று வலுவாகவும், மனச்சோர்வு போன்ற துன்பப் பக்கத்தோடு மெலிவாகவும் இருந்தது. உதவும், ஆனால் மருந்தாகாது. தூக்கமும் காசும் நண்பர்களும் இல்லாத மாணவருக்கு அடையாளத் தெளிவு மட்டும் கைகொடுக்காது.

படிவக் கட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 1970-ல் வெள்ளையரோடு சேர்க்கப்பட்டார்கள், 1980-ல் ‘ஆசிய இந்தியர்’ என்று தனிக் கட்டம் வந்தது. அதே ஆள், அதே முகம்தான். கட்டம் அரசாங்கத்தின் தேவைக்கு, டிக் அடித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதி. மகளுக்குச் சென்னையில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போகிறாள். இந்த ஊரில் நாங்கள் பட்டதையெல்லாம் அவளிடம் சொல்லாமலே வளர்த்துவிட்டோம். போகுமுன் சொல்லிவைக்க வேண்டுமா, பயந்துவிடுவாளா?
– தாய், தேவகோட்டை வட்டம்

பதில்: சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் சொல்லாதீர்கள்.

பெற்றோர் பிள்ளைகளிடம் இனத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த டயேன் ஹியூஸ் குழுவினர் 2006-ல் நான்கு வகைகளைத் தொகுத்தார்கள்: நம் பண்பாட்டையும் முன்னோரையும் அறிமுகப்படுத்துவது, பாகுபாடு வந்தால் சமாளிக்கத் தயார்ப்படுத்துவது, மற்றவர்களை நம்பாதே என்று வளர்ப்பது, எல்லோரும் சமம் என்றோ எதுவும் பேசாமலோ விட்டுவிடுவது. முதல் வகை பிள்ளைகளின் தன்மதிப்புக்குத் துணையாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. இரண்டாவது தேவைதான், தனியாகக் கொடுத்தால் எப்போதும் யாரோ கவனிக்கிறார்கள் என்ற படபடப்பாக மாறக்கூடும். மூன்றாவது கெடுக்கிறது. நீங்கள் இதுவரை செய்தது நான்காவது. முன்னறிவு இல்லாமல் முதல் அடி விழும்போது, “என்னிடம்தான் ஏதோ தப்பு” என்று பிள்ளை எடுத்துக்கொள்வதுதான் அதன் ஆபத்து. இவை அமெரிக்கக் குடும்பங்களில் கண்டவை. சாதி வேறு விஷயம் என்றாலும், இந்த வரிசை இங்கேயும் உதவும்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். மூன்று நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்று. முதல் நாள் பெருமைப்படத் தக்கதைப் பேசுங்கள்: உங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனது யார், எப்படிப் படித்தார்கள். 1893-ல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து இதழ் நடத்திய இரட்டைமலை சீனிவாசனையும், 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசரையும், வட்டமேசை மாநாட்டில் பேசிய அம்பேத்கரையும் அவள் தெரிந்துகொண்டு போகட்டும். அடுத்த நாள் உங்களுக்கு நடந்ததில் ஒன்று. நடந்ததோடு நிறுத்தாமல், நீங்கள் என்ன செய்தீர்கள், யார் துணை நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் ஒத்திகை, வாய்விட்டுத்தான். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி முதல் வாரமே வரலாம். “ஏன் கேக்குறே?” என்று திருப்பலாம். நேராகச் சொல்லலாம். “அதைச் சொல்ல விருப்பமில்லை” எனலாம். எழுந்து போகலாம். நான்குமே சரியான பதில் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மறைப்பதா சொல்வதா என்பது அவள் முடிவு. மறைப்பதற்கும் விலை உண்டு, எந்நேரமும் பேச்சை எடைபோட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

எல்லை மீறினால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று அன்றே எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. வன்கொடுமை என்றால் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதல் மாதம் போன் பேசும்போது “பிரச்சினை எதுவும் இல்லையே?” என்று கேட்காதீர்கள், “இல்லை” என்றுதான் வரும். “இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?” என்று கேளுங்கள்.

கேள்வி: அடையாளம், பற்று, முன்னோர் பெருமை என்று எழுதுகிறீர்கள். சாதிப் பெருமைக்கு உளவியல் முலாம் பூசுவது ஆகாதா?
– வாசகர், பொன்னமராவதி

பதில்: நல்ல கேள்வி, ஆபத்தும் உண்மையானது. இந்த அளவுகோல்கள் எதிலும் “என் கூட்டம் மற்றதைவிட உயர்ந்தது” என்ற வாக்கியம் கிடையாது. என் பின்னணியை எவ்வளவு அறிவேன், அதில் எனக்கு இடம் உண்டா என்றுதான் கேட்கின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி: எனக்குக் கீழே ஒருவர் இல்லாமல் போனால் இந்தப் பெருமை நிற்குமா? நிற்காது என்றால் அது மனநலத்தோடு சேர்ந்தது இல்லை, அதிகாரத்தோடு சேர்ந்தது. அமெரிக்காவில் ஒடுக்கப்பட்டவர்களிடம் எடுத்த முடிவுகளை இங்கே ஆதிக்க நிலையில் இருப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவதும் பிழை.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறான். பேரன் பிறந்திருக்கிறான். அங்கே இனம் என்ன என்று பதிய வேண்டும். இங்கே “புள்ளி எப்படி?” என்று, அதாவது நகரத்தார் கோயில் கணக்கில் குடும்பமாகச் சேர்ப்பது எப்படி என்று, கேட்கிறார்கள். பின்னால் பிள்ளை குழம்பிப் போவானா?
– வாசகர், புதுவயல்

பதில்: 2011 முதல் சிங்கப்பூரில் இரண்டு இனத்தையும் கோடிட்டுச் சேர்த்துப் பதியலாம். அரசுக் குடியிருப்பின் இன ஒதுக்கீட்டுக்கு முதலில் எழுதுவதே கணக்கு, அதனால் வரிசையை மகனும் மருமகளும் யோசித்து எழுதட்டும். அது அவர்கள் இருவரின் முடிவு.

கலப்புப் பின்னணி இருப்பதாலேயே பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது பழைய எண்ணம். நோகடிப்பது இரண்டு: ஒன்றைத் தேர்ந்தெடு என்று நெருக்குவதும், “நீ எங்காள் இல்லை” என்று மற்றவர்கள் தீர்ப்புச் சொல்வதும். பத்து வயதில் ‘நான் சீனன்’ என்பான், பதினேழில் ‘தமிழன்’ என்பான், பிறகு ‘ரெண்டும்’ என்பான். ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியதில்லை. “பாதி நம்ம ரத்தம்” என்ற பேச்சு வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் பாட்டி வீட்டிலும், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க உங்களோடும் முழுப் பேரனாக இருக்கட்டும். புள்ளிக் கணக்கு கோயில், நகரத்தார் பெரியவர்கள் தீர்க்கும் நிர்வாக விஷயம். அதைப் பற்றிய வாக்குவாதம் எதுவானாலும் பிள்ளை காதில் விழாத இடத்தில் நடக்கட்டும்.

கேள்வி: வயது 72. ஈப்போவில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு மனைவியோடு ஊர் திரும்பிவிட்டேன். அங்கே கடைசிவரை ‘இந்தியன்’, இங்கே ‘மலேயாக்காரர்’. பெரிய வீடு, பேச ஆளில்லை. நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை. இந்த வயதில் போய் நான் யார் என்று குழம்புவது அசட்டுத்தனமாகப் படுகிறது.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இதில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை ஐயா. முன்பு சொன்ன 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பில், இன அடையாளத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு இளவயதில் வலுவாகவும் நாற்பதுக்கு மேல் மெலிந்தும் இருந்தது. நடுவயதில் அந்தக் கேள்வி அடங்கி, வேலையும் குடும்பமும் முன்னே வந்துவிடுவது ஒரு காரணமாகலாம். இடம்பெயர்ந்தால், வேலை ஓய்ந்தால், துணையை இழந்தால் மறுபடி திறந்துகொள்ளும். உங்களுக்கு முதல் இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன.

ஆனால் அடையாளத்துக்கு முன் உடம்பு. அதிகாலை விழிப்பும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்துக்குக் கேட்கும். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தசோகை, காது கேட்கும் திறன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். காது மந்தமாகி, அதனாலேயே “பேச ஆளில்லை” என்று ஒதுங்கிப்போகும் முதியவர்கள் நிறைய. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே பேசுங்கள்.

வீட்டில் எல்லாக் கட்டுகளையும் (பகுதிகளையும்) திறந்து வைத்து மாளாதீர்கள். முகப்பையும் வளவில் இரண்டு அறையையும் மட்டும் புழங்கி, காலையில் திண்ணையில் உட்காருங்கள். கண்ணில் படும் இடத்தில் ஆள் இருந்தால்தான் தெருவில் போகிறவர் நின்று பேசுவார். ஈப்போ நண்பர்களோடு வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், மலாய் கலந்தே போன் பேசுங்கள். ஊரோடு ஒட்ட வேண்டும் என்று அதை வெட்டிவிடுபவர்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் போகிறார்கள். அங்கே தைப்பூசத்துக்குச் செய்த உபயம் இருந்தால், இங்கே தையில் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடியில் அன்னதானப் பந்தியோ கணக்கோ ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பார்வையாளராகப் போனால் மலேயாக்காரர்தான். வேலை செய்தால் பந்தியில் ஓர் ஆள்.

இன்னொன்று, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது. முதியோர் நினைவுகளில் மூழ்குவது மூளை தளர்வதால் என்று நினைத்த காலத்தில், அது இயல்பான, பயனுள்ள மனவேலை என்று 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் எழுதினார். இப்போது முறைப்படுத்தப்பட்ட சிகிச்சையாகவே செய்கிறார்கள். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல், ஆறு முதல் எட்டு அமர்வு. ஒவ்வொன்றும் ஒரு காலகட்டம்: பிள்ளைப்பருவம், பள்ளி, கப்பலேறியது, முதல் சம்பளம், கல்யாணம், நஷ்டங்கள், திரும்பியது. கேட்க ஒருவர் வேண்டும். பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர், யாரானாலும் குறுக்கே திருத்தாதவராக இருக்கட்டும். நல்லதை மட்டும் சொன்னால் அது விருந்துப் பேச்சாகிவிடும். ஏமாந்ததும் வருத்தப்படுவதும் வர வேண்டும். ஆனால் ஒரே வருத்தத்தை மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பச் சொல்வதாக உணர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், அது அசைபோடல், சோர்வைக் கூட்டும்.

கைப்பேசியில் பதிவு செய்தால் ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் காலகட்டமும் பெயராக வைத்து, அன்றே இன்னோர் இடத்திலும் ஒரு நகல் போடுங்கள். படங்களின் பின்னால் பென்சிலில் ஊர், ஆண்டு, நிற்பவர்கள் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் அழுந்தித் தெரியும்.